பத்து மணிக் கட்டம்

ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட தனிக் கட்டடத்தில், அம்மா இருபத்தெட்டு வருடம் பாய்லர் பார்த்தாள். நடுவில் ஆறு மாதம் மட்டும் பார்க்கவில்லை. இது அந்த ஆறு மாதத்தைப் பற்றியது.

அம்மா இறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. நுரையீரலில் சளி கட்டி ஒன்பது நாள் படுத்திருந்தாள். வயது அறுபத்தொன்று. துக்கம் கேட்க வந்தவர்களில் பலர் "இரும்பு மனுஷி" என்றார்கள். நான் தலையாட்டினேன். ஆனால் அது சரியான விவரம் இல்லை. சரியான விவரத்தை எழுதி வைக்கிறேன்.

வேலை இதுதான். லாரி டேங்க் அளவுள்ள இரும்பு உருளையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியைக் குழாய் வழியே சலவைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை வைத்துத்தான் படுக்கை விரிப்புகளைத் துவைப்பார்கள், காயவைப்பார்கள், இஸ்திரி போடுவார்கள். ஒரு கிளைக் குழாய் அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறைக்குப் போகும். ஒரு மணிக்கு ஒரு முறை அழுத்தம், கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம், புகைபோக்கியின் சூடு மூன்றையும் பார்க்க வேண்டும். பிறகு டிரெயின். நீராவிக் குழாயில் போகும் வழியிலேயே கொஞ்சம் ஆவி குளிர்ந்து தண்ணீராகித் தேங்கும். அதைச் சின்ன வால்வு ஒன்றைத் திறந்து வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால், வேகமாக வரும் ஆவி அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுத்தியல் மாதிரி அடிக்கும். எல்லாம் முடிந்ததும் லாக் ஷீட்டில் அந்த மணிக்கான கட்டத்தில் எண்களை எழுதி, டிரெயினுக்கு நேரே ஒரு டிக் போட வேண்டும்.

பாய்லர் பார்க்கத் தனிப் பரீட்சை உண்டு. அம்மா இரண்டாம் முறைதான் தேறினாள். முதல் முறை நேர்முகத் தேர்வில் அதிகாரி, "பாய்லர்ல தண்ணி வத்திடுச்சுன்னா முதல்ல என்னம்மா செய்வே?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கு முந்தின டூட்டியில இருந்தவன் யாருன்னு பாப்பேன்" என்றாளாம்.

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பிரஷர் அக்கா. அப்பா வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். வாய் ஓயாது. "உங்கம்மாவுக்கு உடம்புக்கு வந்தா டாக்டர்கிட்ட போய் பிரயோஜனமில்ல. ஃபிட்டர்தான் ஸ்பேனரோட வரணும்" என்பார். விபத்துக்குப் பிறகு அதை அவர் சொன்னதில்லை.

ஃபிட்டர் அம்மாவோடு பதினான்கு வருடம் ஒரே ஷிஃப்டில் இருந்தவர். குழாய், வால்வு எல்லாம் அவர் பொறுப்பு. அம்மா அவரை அண்ணே என்பாள். அவருடைய மனைவி அண்ணி. ஃபிட்டர் எந்தக் குழாய்க்கும் கிட்டப் போகுமுன் அம்மாவின் லாக் ஷீட்டை ஒரு பார்வை பார்ப்பார். பார்த்துவிட்டு, "கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு, கணக்கு மட்டும் சுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எட்டு வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஆறு நிமிடத்துக்கு, இஸ்திரி மிஷினுக்குப் போகும் குழாயின் பெரிய வால்வு வெடித்தது. ஃபிட்டர் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். அம்மா கேட்டில் டீசல் லாரிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள். எல்லாம் வெள்ளையாக இருந்தது. தரையோடு தவழ்ந்து போய் மெயின் வால்வை மூடினாள். இரண்டு முன்கையிலும் தோல் வழன்றுவிட்டது. ஃபிட்டர் அன்று மாலை இறந்தார்.

விசாரணை நடந்தது. வால்வின் வார்ப்பில் பழைய விரிசல் இருந்தது என்று அறிக்கை வந்தது. 'பராமரிப்புப் பதிவுகள் ஒழுங்காக உள்ளன' என்று அதில் ஒரு வரி. அம்மாவுக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. உறையைப் பிரிக்காமல் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள்.

கை ஆறு வாரத்தில் ஆறியது. மற்றது ஆறவில்லை. பஸ்ஸின் கதவு மூடும்போது காற்று பிரியும் சத்தம் வருமே, அதைக் கேட்டு நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பஸ் ஏறவில்லை. குக்கரைப் பரண் மேல் ஏற்றச் சொன்னாள். அப்பாவின் இஸ்திரிப் பெட்டி ஈரத்துணி மேல் படும்போது குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். அப்பா துணிகளை எடுத்துப் போய்ப் பக்கத்துத் தெருக் கடையில் இஸ்திரி போட்டு வாங்கி வர ஆரம்பித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நிர்வாகம் ஆறு மாத விடுப்புக் கொடுத்தது. அதற்குள் மருத்துவக் குழு 'தகுதி' என்று எழுதினால் மறுபடி பாய்லர். எழுதாவிட்டால், ஓய்வு பெறும் வரை துணி மடிக்கும் ஹால்.

"மடிக்கிறதுக்கு நான் லைசன்ஸ் வாங்கல" என்றாள் அம்மா.

மருத்துவமனையில் மனநல ஆலோசகர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அம்மாவைப் பார்த்தார். முதல் நாளே அம்மாவின் போனில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தார். பெரிய விபத்துக்கு ஆளானவர்களுக்கென்றே செய்தது. அதில் முக்கியமாக மூன்று பகுதிகள். மூச்சைச் சீராக்க ஒரு பயிற்சி. மனசு எப்படி இருக்கிறது என்று பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு எண்ணைப் பதிவது. பிறகு ஒரு ஏணி. பயப்படும் விஷயங்களைச் சின்னதிலிருந்து பெரியதாகப் பத்துப் படியாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஒரு படியில் நின்று, எண் பாதியாகக் குறைந்த பிறகுதான் அடுத்தது.

"பூஜ்யம்னா நிம்மதி. பத்துன்னா தாங்கவே முடியல. அந்த நேரத்துல எப்படி இருக்கோ அத அப்படியே போடுங்கக்கா. ரெண்டு மணிக்கு ஒரு தடவை அதுவே ஞாபகப்படுத்தும்" என்றார் மேடம்.

"நான் ஒரு மணிக்கு ஒரு தடவை எழுதினவ. இது சுலபம்" என்றாள் அம்மா.

அம்மாவின் ஏணியில் முதல் படி, நீராவிச் சத்தத்தின் ஒலிப்பதிவைக் குறைந்த ஒலியில் பத்து நிமிடம் கேட்பது. ஏழாவது படி, சலவைக்கூடத்தின் பின்கேட்டில் நிற்பது. காலை ஒன்பது மணிக்கு அங்கே ஆவியைத் திறந்துவிடுவார்கள். பத்தாவது படி, பாய்லர் அறைக்குள் ஒரு மணி நேரம். வீட்டில் ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்றார் மேடம். அது நான்.

நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். மீட்டர் சொல்வது உண்மையா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சி பிடிக்கவில்லை. ஒரு பெண் குரல் தேனாகப் பேசும். மூச்சை மெதுவாக இழுங்கள், பூந்தோட்டத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்னும்.

"இவ ஒரு நாளாவது டீசல் புகையில நின்னிருப்பாளா?" என்றாள் அம்மா.

"குரலை மட்டும் நிறுத்திடலாம்மா. வட்டம் பெருசாகி சின்னதாகும், அதப் பாத்து மூச்சு விட்டா போதும்."

"அத முதல்லயே சொல்றதுக்கென்ன."

குரல் இல்லாமல் செய்தாள். ஒழுங்காகச் செய்தாள். ஆனால் என்னை மகிழ்வித்தவை எண்கள்தான். மூன்று. இரண்டு. இரண்டு. இரண்டு. மூன்று. இரண்டு. ஒரு நாளைக்கு எட்டுப் பதிவு, ஒன்று விடாமல். செயலி வரைந்த படத்தில் கோடு கிடையாகப் போனது. மேடமும் பார்த்துவிட்டு, "நல்லா ஒத்துழைக்கிறாங்க" என்றார். ஐந்து வாரத்தில் ஆறு படி ஏறிவிட்டாள். வாரம் ஒரு படிக்கு மேல் வேகம். நான் அலுவலகத்தில்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

குக்கர் மட்டும் பரணிலிருந்து இறங்கவில்லை. அதை நான் கவனித்தேன். கணக்கில் எடுக்கவில்லை.

ஏழாவது படிக்கு நானே அழைத்துப் போனேன். ஆட்டோவில் போனோம். பின்கேட் என்பது கம்பி வலை அடித்த வேலி. அதற்குள்ளே இருபதடி தூரத்தில் சுவரிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது அடித்ததும் ஆவி வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

அம்மா கத்தவில்லை. ஓடவில்லை. வேலியைப் பிடித்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. ஆவி நின்று பத்து நிமிடம் கழித்தும் கை வேலியை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். கம்பி அழுந்தி இரண்டு விரலில் ரத்தம். வேலியோரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

அப்போது அவள் போன் அதிர்ந்தது. படியில் நின்று முடித்தீர்களா, இப்போது எண் என்ன என்று கேட்டது. அம்மா அதை எடுத்தாள். கட்டைவிரல் திரையில் இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை சரியாகப் பதிந்தது.

இரண்டு.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு அவள் போனை எடுத்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தேன். செயலி ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரத்தை வைத்திருந்தது: எந்த நேரத்துக்கான எண், எந்த நேரத்தில் விரல் பட்டது. முந்தைய நாளின் எட்டு எண்ணும் காலை ஏழு மணி இரண்டு நிமிடத்திலிருந்து ஏழு மணி மூன்று நிமிடத்துக்குள் பதிவாகியிருந்தன. அதற்கு முந்தைய நாளும் அப்படியே. முதல் வாரம் முதல் அப்படியே.

அசையாத மீட்டரை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. மீட்டர் அசையவில்லை என்றால் ஒன்று முள் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லை குழாயே மூடியிருக்கும். அது முதல் மாதப் பாடம். ஐந்து வாரமாக அசையாத கோட்டை வைத்துக்கொண்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கோட்டை நம்பித்தான் அம்மாவை வேலிக்குக் கூட்டிப் போனேன். தப்பு என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாலையில் அம்மா எழுந்து வந்தாள். அப்பா மிஷினை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, நாள் பூரா உள்ளதை காலையிலயே போட்டுடறியா?" என்று கேட்டேன்.

"எப்பவும் அதேதான வரப்போவுது."

"இன்னைக்கு வேலிகிட்ட ரெண்டா?"

அம்மா கம்பி அழுந்திய விரல்களைப் பார்த்தாள்.

"உண்மையில எத்தன?"

"பத்துக்கு மேல இருக்கா அதுல?"

"இல்ல."

"அப்ப பத்து." விரல்களை மடித்துக்கொண்டு, "முள்ளு சிவப்புக் கோட்ட தாண்டிச்சுன்னு எழுதினா பாய்லர நிறுத்திடுவாங்க. அப்புறம் ஆளாளுக்கு வந்து நோண்டுவாங்க. நான் எட்டு ஒம்போதுன்னு போட்டா என்ன மடிக்கிற ஹாலுக்கு அனுப்பிடுவாங்க. அதான் ரெண்டு" என்றாள்.

அப்பா, "ஜீரோன்னே போட்டிருக்கலாமே" என்றார்.

"ஜீரோ போட்டா எவனும் நம்ப மாட்டான். ரெண்டு, மூணுன்னு மாத்தி மாத்திப் போட்டாத்தான் நம்புவான்."

"இதுல அனுபவமா?" என்றார் அப்பா, சிரிப்போடு.

அம்மா சிரிக்கவில்லை. உட்கார்ந்தாள். அப்பாவின் மிஷின் மேலிருந்த சீருடைத் துணியை எடுத்து ஓரத்தை நீவினாள். பிறகு சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு லாக் ஷீட் எழுதும்போதே பத்து மணிக் கட்டத்தையும் எழுதிவிட்டாள். பத்துக்கு டீசல் லாரி வரும் என்று தெரியும். எல்லோரும் அப்படிச் செய்வதுதான். அழுத்தம் அதே, மட்டம் அதே, சூடு ஐந்து டிகிரி கூட்டி. டிரெயினுக்கு நேரே டிக். லாரி போனதும் திறந்துவிட்டால் ஆயிற்று என்று நினைத்தாள். ஃபிட்டர் பத்து மணிக்கு வந்து ஷீட்டைப் பார்த்திருப்பார். டிக் இருந்திருக்கும். வால்வுக்குக் கிட்டப் போயிருப்பார்.

"அந்த ஷீட்டத்தான் விசாரணையில ஒழுங்குன்னு எழுதினாங்க" என்றாள்.

அப்பா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். யாருக்கு என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாளே மேடத்திடம் போனோம். அம்மாவே எல்லாவற்றையும் சொன்னாள், என்னிடம் சொன்னதைவிட நீளமாக. மேடம் குறுக்கே பேசவில்லை. "நானும் நேரத்தப் பாத்திருக்கணும். கோடு நேரா இருந்தது எனக்கும் வசதியா இருந்துடுச்சு" என்றார் கடைசியில். பழைய எண்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

"இனிமே எட்டுன்னா எட்டுன்னே போடுங்கக்கா. இது உங்கள நிறுத்துற மீட்டர் இல்ல. எட்டுல நின்னுட்டு வீட்டுக்கு ஓடாம இருக்கீங்க பாருங்க, மெடிக்கல் கமிட்டிக்கு நான் எழுதறது அதத்தான்."

"எங்க வேலையில எட்டுல நின்னா ஆஸ்பத்திரி கூரை பறந்துடும் மேடம்."

"மனுஷனுக்கு கூரை கொஞ்சம் கெட்டி."

அம்மா யோசித்தாள். "பாக்கலாம்" என்றாள்.

முதல் படியிலிருந்து மறுபடி. மேடம் இப்போது வாரம் ஒரு முறை பார்த்தார். ஒலிப்பதிவு, குறைந்த ஒலி, பத்து நிமிடம். எண் ஒன்பது. வட்டத்தைப் பார்த்து மூச்சு. எட்டு. மறுநாள் ஒன்பது. நான்காம் நாள் ஏழு. முன்பு ஒரு நாளில் தாண்டிய படிக்கு இப்போது பதினோரு நாள். படத்தில் கோடு பல் உடைந்த ரம்பம் மாதிரி ஏறி இறங்கியது. அவ்வளவு அசிங்கமான கோட்டை நான் அவ்வளவு நம்பியதில்லை.

செயலிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அம்மா ஒன்பது என்று போட்டதும், 'அருமை! நீங்கள் சிறப்பாகச் செய்கிறீர்கள்!' என்று ஒரு நட்சத்திரம் மின்னும்.

"செத்துக்கிட்டு இருக்கேங்கறேன், அருமைங்குது" என்றாள் அம்மா.

அப்பா, "நானும் முப்பது வருஷமா அதத்தான சொல்றேன், கேக்கறியா" என்றார்.

"நீங்க வேற மின்னாதீங்க."

நட்சத்திரத்தை நிறுத்தும் வசதியைத் தேடி எடுத்து நிறுத்தினேன். அதற்குப் பிறகு அம்மா செயலியோடு சண்டை போடவில்லை. அது கேட்கும், அவள் சொல்வாள். ஒரு மாதத்தில் பாதி எண்ணெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஆறரை போட வழியில்லை என்று என்னிடம் புகார். அந்தப் பழக்கம் கடைசி வரை இருந்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வலி எத்தனை என்று கேட்டபோது, மூச்சு வாங்க, "எட்டு... இல்ல, ஏழேமுக்கால்" என்றாள். நர்ஸ் எட்டு என்று எழுதினாள். அம்மா என்னைப் பார்த்து முறைத்தாள்.

நான் அந்த நாட்களில் விசாரணை அறிக்கையை வாங்கிப் படித்தேன். விரிசலின் ஆழம், குழாயின் நீளம், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்று மூன்று தரம் கணக்குப் போட்டேன். அம்மா கேட்டாள்.

"என்ன வருது?"

"அந்தத் தண்ணிதான் ஒடச்சிருக்கலாம். அது இல்லாமலும் ஒடஞ்சிருக்கலாம். விரிசல் ரொம்ப ஆழம். எதுன்னு சொல்ல முடியலம்மா."

"சரி. என் மேல ஒண்ணுமில்லன்னு சொல்லாம விட்டியே" என்றாள். அன்று இரவு அவள் போட்ட எண் நான்கு. எழுதும்போது எனக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

நான்காம் மாதக் கடைசியில் பரணிலிருந்து குக்கர் இறங்கியது. ஐந்தாம் மாதம் பஸ் ஏறினாள். கம்பியைப் பிடித்தபடி, கதவு மூடும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஆறு. ஆறு. அஞ்சர. ஆறு" என்றாள். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "எத்தன டிக்கெட்டும்மா எடுத்தீங்க?" என்றார். வேலிக்கு அருகே மறுபடி நின்றோம். ஒன்பதில் ஆரம்பித்து நாலரையில் முடிந்தது. ஐம்பது நிமிடம்.

விடுப்பு முடியப் பன்னிரண்டு நாள் இருந்தபோது ஏணியில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். பத்தாவது படிக்கு முன்னால் அம்மாவே புதிதாக ஒன்றைத் தட்டி வைத்திருந்தாள். 'அண்ணியிடம் சொல்வது.'

"இது மேடம் சொன்னதா?" என்றேன்.

"அவங்க வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அதக் கேட்டா அண்ணிக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சிட்டுப் போங்கன்னாங்க."

"யோசிச்சியா?"

"ரெண்டு வாரமா."

ஃபிட்டரின் மனைவி மருத்துவமனை வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பஸ்ஸில் போனோம். கடையில் கூட்டம். கையில் காகிதக் கட்டோடு அண்ணி எங்களைப் பார்த்துவிட்டு, ஸ்டூலைக் காலால் தள்ளினார். அம்மா உட்காரவில்லை. கூட்டம் குறையும் வரை நின்றாள். பிறகு பத்து மணிக் கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். நாலைந்து வாக்கியம்தான். தயாராக வந்திருந்தது தெரிந்தது.

அண்ணி காகிதத்தின் ஓரங்களைத் தட்டிச் சமன் செய்துகொண்டே கேட்டார்.

"நீ ஒழுங்கா பாத்திருந்தா இருந்திருப்பாரா?"

"தெரியல அண்ணி. இவ கணக்குப் போட்டா. சொல்ல முடியலங்கறா."

அண்ணி என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

"அவரு உன் ஷீட்ட பாத்துட்டுத்தான் போனாரா?"

"பாக்காம போவ மாட்டாரு."

"ஆமா. வீட்டுலயும் அப்படித்தான். கேஸ மூடினியான்னு மூணு தரம் கேப்பாரு. உன்ன மட்டும் கேக்க மாட்டாரு."

ஒருவர் வந்து இரண்டு பிரதி கேட்டார். அண்ணி எடுத்துக் கொடுத்தார். அவர் போனதும், "மன்னிச்சுட்டேன்னு சொல்லணும்னு வந்தியா?" என்றார்.

"இல்ல."

"நல்லது. இப்ப எனக்கு வராது."

"சரி அண்ணி."

"இத ஆபீஸ்ல சொன்னியா?"

"இங்க சொல்லிட்டு அங்க போலாம்னு."

"போய்ச் சொல்லு." அண்ணி மிஷினின் மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தார். "அவர் இடத்துல இப்ப யாரு?"

"புதுசா ஒரு ஃபிட்டர் வந்திருக்காராம். நான் பாக்கல."

"அவருக்கும் வீட்டுல யாராவது இருப்பாங்க" என்றார் அண்ணி. அத்தோடு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

தெருவைக் கடக்கும்போது எத்தனை என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் போனை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தேன். போகுமுன் பத்து. வந்த பிறகு எட்டு. பாதியாகக் குறையவில்லை. விதிப்படி அந்தப் படி முடியவில்லை. அதை அவள் முடிந்ததாகக் குறிக்கவும் இல்லை. அப்படியே திறந்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். மேடம் அதை ஒப்புக்கொண்டார்.

மருத்துவமனைப் பொறியாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். பாராட்டுக் கடிதத்தையும் உறையோடு திருப்பிக் கொடுத்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருமே கேக்காதப்ப எதுக்கும்மா இது?" என்றாராம். மெமோ வந்தது. பணிப் பதிவேட்டில் கண்டனக் குறிப்பு ஏறியது. மூன்று மாதம் மேற்பார்வையில் வேலை செய்யும்படி உத்தரவு. மருத்துவக் குழு மேடத்தின் கடிதத்தையும் அந்த அசிங்கமான கோட்டையும் பார்த்துவிட்டு, 'தகுதி' என்று எழுதியது. விடுப்பு முடிய இரண்டு நாள் பாக்கி இருந்தது.

அம்மா திரும்பிப் போன முதல் நாள் நான் அங்கே இல்லை. அதைப் பற்றி அவள் வீட்டில் "அஞ்சு" என்று மட்டும் சொன்னாள். நடந்ததைப் போன வாரம்தான் கேட்டேன். துக்கத்துக்கு வந்திருந்த அந்தப் புது ஃபிட்டர் சொன்னார். இப்போது அவர் புதியவர் இல்லை. அப்போதே மீசை நரைத்தவர். முன்னறையில், அப்பாவின் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

பத்து மணிக்கு அவர் குழாய் வேலைக்குப் போகுமுன் ஷீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். பத்து மணிக் கட்டம் காலியாக இருந்தது. அம்மா டிரெயின் வால்வுக்கு முன்னால் நின்றிருந்தாள். கை வால்வின் மேல் இருந்தது. உதடு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது.

"நான் தொறக்கட்டுமாக்கான்னு கேட்டேம்மா. வேணாம்னுட்டாங்க. இன்னும் எழுதலியாக்கான்னேன். 'தண்ணி நின்னு வெறும் ஆவி வரட்டும், அப்புறம் எழுதறேன். அதுவரைக்கும் நீங்க வால்வுகிட்ட போகாதீங்க'ன்னாங்க. தொறந்தாங்க. அந்தச் சத்தத்துக்கு கண்ண மூடிக்கிட்டாங்க, ஆனா கைய எடுக்கல. நாலு நிமிஷம் ஆச்சு. எனக்கு அவசர வேலை. அக்கா, டிக்க போட்டுடுங்க, நான் போறேன்னேன்."

"என்ன சொன்னா?" என்றார் அப்பா.

"'அவசரம்னா நாளைக்கு வாங்க'ன்னாங்க."

அப்பா சிரித்தார். இருபது நாளில் முதல் தடவை.